66ஆம் எண் சாலை: கால் படாத ஊர்களின் வழியே

மெய்நிகர் நெடும்பயண ஓட்டம் என்பது, ஒருவர் தம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பூங்காக்களிலும் ஓடிய தொலைவை, எங்கோ உள்ள வேறொரு சாலையின் வரைபடத்தில் நாள்தோறும் வரவு வைத்து, அச்சாலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கணக்களவில் கடந்து செல்லும் பழக்கமாகும். மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்று ஓடுபவரின் இருப்பிடத்தை அடுத்தடுத்துக் குறித்து, அக்குறிகளை இணைத்துத் தொலைவைக் கணக்கிட, கைபேசியிலுள்ள செயலி அத்தொலைவை வாங்கிக்கொண்டு வரைபடத்தின் மேலுள்ள ஒரு புள்ளியை அதே அளவு முன்னே தள்ளுகிறது. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் குண்டூசி குத்தியும் குறிப்பேட்டில் கூட்டல் போட்டும் இதைச் செய்தவர்கள் முன்பே உண்டு என்றாலும், பெருந்தொற்றால் சாலைப் பந்தயங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட 2020ஆம் ஆண்டில்தான் இப்பழக்கம் பெருந்திரளானவர்களை எட்டியது. அவ்வாண்டு மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, டென்னசி மாநிலத்தைத் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைவரை கடக்கும் 1,000 கிலோமீட்டர் மெய்நிகர் பந்தயம் ஒன்றை, லாசரஸ் லேக் என்ற புனைபெயரால் ஓட்டக்காரர்களிடையே அறியப்படும் கேரி கேன்ட்ரெல் நடத்தியபோது, உலகின் பல நாடுகளிலிருந்தும் 19,000-க்கும் மேற்பட்டோர் அதில் பெயர் பதிந்தனர்.

இங்கு நினைவுகூரப்படும் ஓட்டம் அப்பந்தயத்தைச் சேர்ந்ததன்று. சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாழ்ந்த இக்கட்டுரையாளர், பந்தயங்கள் நின்றுபோன அதே காலத்தில், போட்டியும் கெடுவும் இல்லாத தனிவழி ஒன்றைத் தேடி, சிகாகோவில் தொடங்கிக் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முடிந்த அமெரிக்க 66ஆம் எண் நெடுஞ்சாலையைத் தேர்ந்துகொண்டார். 1926 நவம்பர் 11 அன்று எண் பெற்ற இச்சாலை, புதிதாக வெட்டிப் போடப்பட்டதன்று. ஏற்கெனவே இருந்த ஊர்ச்சாலைகளையும் மண்பாதைகளையும் ஒன்றோடொன்று கோத்து, எட்டு மாநிலங்களின் வழியே 2,448 மைல், அதாவது ஏறத்தாழ 3,940 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே எண்ணின் கீழ் கொண்டுவரப்பட்ட தொடர் அது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தைச் சேர்ந்த சைரஸ் ஏவரி அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் என்பதால்தான், முன்பு பலரும் சென்ற வடக்கு வழிகளை விடுத்து அது அவருடைய மாநிலத்தின் குறுக்கே வளைந்தது. ஊர்களைக் கோத்த சாலையாதலால், ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவே நெடுஞ்சாலையாகவும் இருந்தது. பெட்ரோல் நிலையமும் உணவகமும் மோட்டலும் அத்தெருவிலேயே பிழைத்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டப்பட்ட இன்டர்ஸ்டேட் எனும் மாநிலங்களிடை விரைவுச் சாலைகள், ஊர்களுக்குள் நுழையாமல் புறத்தே ஒதுங்கிச் சென்று, அத்தெருக்களை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாக்கின. 1984இல் அரிசோனாவின் வில்லியம்ஸ் நகரம் கடைசியாகப் புறவழி பெற்றது. அடுத்த ஆண்டே 66 என்ற எண் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வேகத்தால் அழிந்த ஊர்களைப் படித்தறிய வேகமின்மையே ஏற்ற கருவி என்பதை இவ்வோட்டத்தில் கட்டுரையாளர் மெல்ல மெல்லக் கண்டார். ஓட்டக்காரர்கள் பேஸ் என்று சொல்லும் அளவு, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காரோட்டி சொல்லும் வேகத்தின் தலைகீழ் வடிவம்; ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே அதன் கேள்வி. காரோட்டிக்கு ஒரு மணி நேரம் மாறாதது, அதற்குள் கடக்கும் நிலம் மாறுவது. ஓடுபவருக்கோ ஒரு கிலோமீட்டர் நிலம் மாறாதது, அதற்குச் செலவாகும் காலமே கூடிக் குறைவது. வேலைக்குச் செல்லும் ஒருவர் வாரத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடலாம் என்ற நிலையில், 3,940 கிலோமீட்டர் என்பது இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம். விரைவுச் சாலையில் கால் மணி நேரத்தில் பின்னே போய்விடும் ஒரு சிற்றூர்ப் பகுதி, புள்ளியைப் பொறுத்தவரை ஒரு வாரத் தங்கலாகிவிடுகிறது. அந்த வாரத்தில் அவ்வூரைப் பற்றி மாவட்ட நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படிப்பதும், தெருக்களின் படங்களை இணையத்தில் வீடு வீடாகப் பார்ப்பதும் கட்டுரையாளரின் வழக்கமாயின.

இல்லினாய் பகுதி அவருக்கு எளிதில் நம்பும்படியாக இருந்தது, ஏனெனில் புள்ளி சென்ற நிலமும் கால் ஓடிய நிலமும் ஒரே மக்காச்சோளக்காட்டுச் சமவெளி. ஜோலியட்டின் பழைய சிறைச்சாலை, வில்மிங்டனில் விண்வெளி வீரர் தலைக்கவசத்துடன் நின்ற ஜெமினி ராட்சதச் சிலை, ஓடெல் சிற்றூரின் 1932ஆம் ஆண்டுப் பெட்ரோல் நிலையம், மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிப் பாகெடுக்கும் ஃபங்க்ஸ் குரோவ் என்று செயலி ஊருக்கு ஊர் மின் அஞ்சலட்டை அனுப்பியது. ஸ்பிரிங்ஃபீல்டு வந்தபோது ஆபிரகாம் லிங்கனின் வீடும் கல்லறையும் வந்தன. ஆனால் அதே ஊரில் 1908 ஆகஸ்டில் வெள்ளையர் கூட்டம் கறுப்பினத்தவரின் வீடுகளைக் கொளுத்தி இருவரைத் தூக்கிலிட்டதும், லிங்கனின் ஊரிலேயே இது நடந்த அதிர்ச்சியில் அடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தோன்றியதும் எந்த அஞ்சலட்டையிலும் இல்லை. செயலி நடத்துவோர் இதை வேண்டுமென்றே மறைத்தனர் என்று சொல்வதற்கில்லை; நியான் விளக்கும் ராட்சதச் சிலையும் படத்துக்கு அழகு, எரிந்த தெரு அப்படியன்று, அவ்வளவுதான். எனினும் அன்றுமுதல் அஞ்சலட்டையில் இல்லாதது எது என்று தேடுவதே கட்டுரையாளருக்குப் பயணத்தின் பாதி ஆயிற்று.

செயின்ட் லூயிக்கு அருகே மிசிசிப்பியைக் கடக்கும் செயின் ஆஃப் ராக்ஸ் பாலம் நட்டாற்றில் திரும்பி வளைவது; 1929இல் திறக்கப்பட்ட அது இன்று நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் மட்டுமே உரியது என்பதால், இப்பயணத்தில் உண்மையான ஓட்டக்காரர் ஒருவர் புள்ளி சென்ற அதே தடத்தில் அச்சமின்றி ஓடக்கூடிய சில இடங்களுள் ஒன்று. அதற்கப்பால் மிசௌரியில் டைம்ஸ் பீச் என்ற ஊர் இருந்த இடம் வருகிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அச்சிற்றூரின் தெருக்கள் தார் காணாதவை. 1970களின் தொடக்கத்தில் புழுதி அடங்குவதற்காக அவற்றின் மேல் தெளிக்கப்பட்ட கழிவு எண்ணெயில், வேதித் தொழிற்சாலை ஒன்றின் கழிவிலிருந்து வந்த டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. 1982 டிசம்பரில் நஞ்சு உறுதிப்பட்ட அதே வேளையில் மெரமெக் ஆறும் கரைபுரண்டு ஊரை மூழ்கடித்தது, மறு ஆண்டு கூட்டாட்சி அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கியது, மக்கள் வெளியேறினர், 1985இல் ஊராட்சியே கலைக்கப்பட்டது. மண்ணை எரித்துத் தூய்மை செய்த பின், 1999இல் அவ்விடம் 66ஆம் சாலைப் பெயரிலேயே ஒரு மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மண்பாதையைத் தார்ச்சாலையைவிட மூட்டுக்கு இதமானது என்று தேடிப்போய் ஓடும் வழக்கமுடையவர் கட்டுரையாளர். புழுதியை அடக்கப் போய் ஓர் ஊரே அடங்கிய இவ்வரலாற்றைப் படித்தபின், தம் பூங்காவின் மண்பாதையில் கோடையில் தெளிக்கப்படுவது வெறும் நீர்தானா என்று காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கான்சாஸ் மாநிலத்தில் இச்சாலைக்கு உரிய பங்கு 13 மைல்களுக்குச் சற்றே மிகுதி. அது 21 கிலோமீட்டர், அதாவது அரை மாரத்தான் எனப்படும் பந்தயத் தொலைவு. ஆகவே ஈயச் சுரங்க ஊரான கலேனாவில் நுழைந்து பாக்ஸ்டர் ஸ்பிரிங்ஸைத் தாண்டி ஓக்லஹோமா எல்லைவரை, ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓடி முடிக்க முடிந்தது. வாரத்தின் நீண்ட ஓட்டத்தை ஞாயிறன்று வைத்துக்கொள்ளும் ஓட்டக்காரர் மரபு இவ்வளவு பொருத்தமாக வேறெங்கும் அமையவில்லை.

ஓக்லஹோமாவோ நீண்டது, அனைத்திலும் கனமானது. அங்குள்ள ஃபோயில் என்ற சிற்றூரில் ஓடும் நிலையில் ஓர் இளைஞரின் சிலை நிற்கிறது. செரோக்கி இனத்தைச் சேர்ந்த ஆண்டி பெய்ன் அவர். 1928 மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 199 பேர் நியூயார்க்கை நோக்கி ஓடத் தொடங்கிய கண்டங்கடந்த பந்தயம் ஒன்றை, விளையாட்டு வணிகரான சி. சி. பைல் நடத்தினார். ஓடுவோரின் பெருவிரல் மூட்டு வீக்கத்தை எள்ளிப் பத்திரிகைகள் அதற்குப் பனியன் டெர்பி என்று பட்டப்பெயர் இட்டன. லாஸ் ஏஞ்சலஸ் முதல் சிகாகோ வரை அதன் வழி 66ஆம் சாலையே. எண் பெற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகாத, பெரும்பகுதி மண்ணாகவே கிடந்த சாலைக்கு விளம்பரம் தேடி, அச்சாலைச் சங்கமே பந்தயத்தை ஆதரித்தது. காருக்காக வகுத்த சாலை நாடெங்கும் பெயர் பெற்றதற்குக் காலால் ஓடியவர்களும் ஒரு காரணம் என்பது, மெய்நிகர் ஓட்டக்காரர்களில் பலர் அறியாத செய்தி. நாளுக்கு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் என்று 84 நாள் ஓடி, மே 26 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் முடித்தவர்கள் 55 பேர். 573 மணி 4 நிமிடக் கணக்கில் முதலிடம் பெற்ற பெய்னுக்கு அப்போது வயது 20. பரிசாகக் கிடைத்த 25,000 டாலரில் அவர் பெற்றோரின் நிலத்தின் மேலிருந்த அடமானத்தை மீட்டார். பின்னாளில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றத்தின் எழுத்தராகத் தேர்தலில் வென்று நெடுங்காலம் பணியாற்றினார்.

அதே பந்தயத்தில் சியாட்டிலிலிருந்து வந்த எடி கார்ட்னர் என்ற கறுப்பின வீரர் பல நாள் ஓட்டங்களில் முதலாவதாக வந்தவர். அவர் ஓக்லஹோமாவைக் கடக்கையில், கோவேறு கழுதை மேல் துப்பாக்கியோடு வந்த ஒருவர், வெள்ளையரை முந்தினால் சுட்டுவிடுவதாக மிரட்டி நாள் முழுவதும் பின்தொடர்ந்தார். கார்ட்னர் தளராது ஓடி எட்டாம் இடத்தில் முடித்தார் என்றாலும், அந்த ஒரு நாளின் ஓட்டத்தைப் பற்றிப் படித்தபோது, சாலை என்பது எல்லோருக்கும் ஒரே சாலை அன்று என்பது கட்டுரையாளருக்குத் தெளிவாயிற்று. இச்சாலையோரக் கவுண்டிகளில், அதாவது மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவுகளில், ஏறத்தாழ பாதி, பொழுது சாயுமுன் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று சட்டமாகவோ மிரட்டலாகவோ விதித்த ஊர்களைக் கொண்டிருந்தன. அவர்கள் எங்கே உண்ணலாம், எங்கே இரவைக் கழிக்கலாம் என்று கூறும் வழிகாட்டி நூலை, ஹார்லெமைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்டார். டல்சாவில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி, 1921 மே 31 தொடங்கி மறுநாளும் வெள்ளையர் கூட்டத்தால் எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. அங்கிருந்து ஓக்லஹோமா சிட்டி செல்லும் வழியில் லூதர் என்ற ஊரருகே திரெட் குடும்பத்தார் நடத்திய பெட்ரோல் நிலையம், கறுப்பினப் பயணிகள் அஞ்சாமல் வண்டியை நிறுத்தக்கூடியதாய் இருந்தது.

புள்ளி இவ்வூர்களையெல்லாம் எந்த வேளையிலும் தடையின்றிக் கடந்தது. விடியலுக்கு முன்னே ஓடும் வழக்கமுடையவரும் பழுப்புத் தோலினருமான கட்டுரையாளருக்கு இதில் நிம்மதியைவிட உறுத்தலே மிகுதியாக இருந்தது. ஏனெனில் 2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் அருகே, அஹ்மட் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஓடிக்கொண்டிருந்தபோது, வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்தி மறிக்க, அவர்களில் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அப்போது இன்னும் ஆறாதிருந்தது. மெய்நிகர் ஓட்டம் தரும் விடுதலை உண்மையானதுதான், ஆனால் அது சாலையைத் திருத்தியதால் வந்த விடுதலையன்று, உடலைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதால் வந்தது. இக்கருத்தைக் கட்டுரையாளர் உடன் ஓடும் நண்பர்களிடம் சொன்னபோது, ஓட்டத்துக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் அவரே, தம் தெருவில் தாம் எப்போதும் ஒளிரும் சட்டை அணிந்து ஓடுவது ஏன் என்பதைச் சொல்லத் தொடங்கினார்.

டெக்சஸ் பகுதி குறுகியது, தட்டையானது, காற்று மிக்கது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. காற்று மட்டும் புள்ளிக்குத் தெரியாது. அமரில்லோவின் புறத்தே பத்து கேடிலாக் கார்கள் மூக்குப் புதையுண்டு நிற்கும் 1974ஆம் ஆண்டுக் கலைப்படைப்பையும், இரு முனைகளுக்கும் 1,139 மைல் என்று பலகை வைத்து நடுப்புள்ளி எனப் பெயர் பெற்ற ஏட்ரியன் ஊரையும் கடந்தால், டெக்சஸும் நியூ மெக்சிகோவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே அமைந்த கிளென்ரியோ வருகிறது. 1970களில் 40ஆம் எண் விரைவுச் சாலை ஒதுங்கிச் சென்றதும் ஆளொழிந்த அவ்வூரில், கூரையிழந்த மோட்டலும் பெயரழிந்த பலகையும் எஞ்சியுள்ளன. அங்கே படிப்பதற்குக் கிடைத்தது சிறிதே எனினும், இணையப் படங்களில் அத்தெருவைப் பார்த்து முடிக்கக் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. நியூ மெக்சிகோவின் டுகும்கேரி, அல்புகெர்கி, கேலப் ஆகியவற்றைப் பற்றி அவருடைய குறிப்பேட்டில் உள்ளவை சில வரிகளே. பனிக்காலத்தில் முழங்கால் வலித்ததால் ஓட்டமும் படிப்பும் சேர்ந்தே குறைந்த மாதங்கள் அவை.

அரிசோனாவில் மெய்நிகர் ஓட்டத்தின் குறைபாடு வெளிப்படையாயிற்று. ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிங்மனிலிருந்து ஓட்மனுக்குச் செல்லும் பழைய வழி சிட்கிரீவ்ஸ் கணவாயை நோக்கிக் கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது. திறன் குறைந்த பழைய கார்களை மேலேற்ற உள்ளூரார் கயிறு கட்டி இழுத்துக் கூலி பெற்றனர். 1950களின் தொடக்கத்தில் வேறு வழி அமைந்ததும் ஓட்மன் வெறிச்சோடியது. சுரங்கத் தொழிலாளர் விட்டுப்போன கழுதைகளின் வழித்தோன்றல்களே இன்று அங்கு கூட்டத்தை ஈர்க்கின்றன. ஏற்றமும் உயரமும் மூச்சைப் பாதிக்கும் இப்பகுதியைச் சமவெளியில் ஓடிய கிலோமீட்டர்களால் ஈடுகட்டுவது முறையா என்ற ஐயத்தால், கட்டுரையாளர் அவ்வாரங்களில் டிரெட்மில் என்னும் ஓடுபட்டைக் கருவியின் முன்பக்கத்தை உயர்த்தி ஓடினார். செயலி அதற்குக் கூடுதல் வரவு எதுவும் வைக்கவில்லை.

அதே மாநிலத்தின் செலிக்மன் ஊரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் 66ஆம் சாலை இன்று நினைவாகவேனும் இருப்பதற்கு அவ்வூர் முடிதிருத்துநர் ஒருவர் பெருங்காரணம். 1978 செப்டம்பர் 22 அன்று விரைவுச் சாலை திறக்கப்பட்டதும், அதற்கு முன் தெருவைக் கடக்கவே காத்திருக்க வேண்டியிருந்த ஊரில் வண்டிகளின் ஓட்டம் ஒரே நாளில் நின்றது என்று ஏஞ்சல் டெல்கடில்லோ பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் அண்டை ஊராரைத் திரட்டி 1987இல் சங்கம் அமைத்து, செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கும்படி மாநில அரசை இணங்கச் செய்தார். மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மெய்நிகர் வழியைப் பதக்கத்துடன் விற்கும் வணிகமும், அதில் ஓடிப் படித்த இக்கட்டுரையாளரின் நெடிய பொழுதுபோக்கும், அந்த முடிதிருத்தகத்தில் நடந்த பேச்சுகளுக்குக் கடன்பட்டவை.

கலிபோர்னியா எல்லையில் நீடில்ஸ் ஊர். 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்து ஓக்லஹோமாவிலிருந்து வந்த உழவர் குடும்பங்களைத் தடுப்பதற்காக, 1936இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தம் அதிகார எல்லைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் உள்ள மாநில எல்லைகளில் காவலரை நிறுத்தி, கையில் பணமில்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதியாகத் தடுக்கப்பட்டவர்களின் வழியில், குடியேறி வாழும் ஒருவர் புள்ளியாக நுழைவதிலுள்ள முரண் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் மொஹாவி பாலைவனம்: ஒரு காலத்தில் உணவகமும் மோட்டலுமாகச் செழித்த ஏம்பாய், எரிமலை வாய், லட்லோ, பார்ஸ்டோ. கோடையில் நிழலிலேயே 45 பாகை செல்சியஸ் தொடும் அப்பகுதியைப் புள்ளி கடந்தது சனவரியில். சிகாகோவிலோ உறைபனியில் வழுக்காதிருக்கக் காலணிக்குக் கம்பிப் பிடி மாட்டி ஓட வேண்டியிருந்தது.

சான் பெர்னார்டினோவும் பாசடீனாவும் விரைவாக வந்துபோயின. சாண்டா மோனிகாவில் சாலை எங்கே முடிகிறது என்பதற்கு இரு விடைகள் உண்டு: 1936இல் நீட்டிக்கப்பட்ட நெடுஞ்சாலை முறைப்படி முடிந்தது லிங்கன், ஒலிம்பிக் எனும் இரு பெருந்தெருக்கள் சந்திக்கும், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நாற்சந்தியில், பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் முடிவுப் பலகை நிற்பதோ கடலுக்குள் நீளும் படகுத்துறையில், அதுவும் 2009 முதல்தான். செயலி படகுத்துறையையே முடிவாகக் கொண்டு பதக்கத்தை அனுப்பியது. கட்டுரையாளர் தம் குறிப்பேட்டில் நாற்சந்தியோடு கணக்கை முடித்திருந்தார். அடுத்த வழியைத் தேர்ந்தெடுக்கும்படி செயலி கேட்டபோது, அதன் பட்டியலில் 1928ஆம் ஆண்டுப் பந்தயத்தின் கிழக்குப் பாதி இல்லை. ஆகவே சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெய்னும் கார்ட்னரும் இரவு தங்கிய ஊர்களின் பெயர்களை அக்கால நாளிதழ்களின் நுண்படச் சுருள்களிலிருந்து எடுத்து, அவர் தாமே வரைபடத்தில் கோடு போடத் தொடங்கினார்.